ஆறாம் ஆண்டுக்குப் பின்: தென்கெடாத் தமிழ்ப் பிள்ளைகளும் கல்வி இடைவெளியும்

கெடா, பினாங்கு, பேராக் ஆகிய மூன்று மாநிலங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மூலையில் இருக்கிறது பண்டார் பாரு மாவட்டம். செர்டாங் அதன் தலைமை ஊர். வடக்கே கூலிம், லூனாஸ், பாடாங் செராய். தெற்கே ஆற்றைக் கடந்தால் பேராக்கின் பாரிட் புந்தார், மேற்கே பினாங்கின் நிபோங் தெபால். இந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் பால்மரக் காடு. இன்று பெரும்பகுதி செம்பனை. தமிழர் இங்கே வந்து சேர்ந்ததும் பரவியதும் சிதறியதும் தோட்டங்களை ஒட்டியே நடந்தன. பிள்ளைகளின் படிப்பும் அப்படித்தான்.

"நம்ம பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியே இருக்கிறார்கள்" என்ற பேச்சைக் கோயில் திருவிழா மேடையிலிருந்து நாடாளுமன்றம் வரைக்கும் கேட்கலாம். பேசுகிறவர் காரணத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுவார். ஒருவருக்குத் தமிழ்ப்பள்ளி காரணம், இன்னொருவருக்கு அப்பனின் குடி, மற்றொருவருக்கு அரசின் ஓரவஞ்சனை. எந்தப் படியில் நின்று எவ்வளவு பின்தங்குகிறார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் தெளிவாக வராது. இந்தக் கட்டுரை அந்தப் படியைத் தேடுகிறது.

பரவலாகக் கவனிக்கப்படாத ஒரு தகவலிலிருந்து தொடங்கலாம். 2012 செப்டம்பரில் கல்வி அமைச்சு, மலேசியக் கல்விப் பெருந்திட்டத்தின் (2013–2025) முதல்நிலை அறிக்கையை வெளியிட்டது. அப்போதிருந்த ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தேசியப் பள்ளிக்கும் சீனப் பள்ளிக்கும் இடையே வேறுபாடு ஏறக்குறைய இல்லை என்றது அது. தமிழ்ப்பள்ளிகள் இன்னும் பின்னால் இருந்தாலும், ஐந்தே ஆண்டுகளில் அந்தத் தூரத்தை 8 விழுக்காட்டுப் புள்ளிகளிலிருந்து 4க்கும் கீழே கொண்டுவந்துவிட்டன என்றும் அதே அறிக்கை பதிவு செய்தது. நாட்டின் மிக ஏழையான பள்ளி வகைகளில் ஒன்று ஐந்தாண்டில் இடைவெளியைப் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது. வேறொரு நாட்டில் நடந்திருந்தால் ஆராய்ச்சியாளர்கள் கூட்டமாக வந்து பார்த்திருப்பார்கள்.

தமிழ்ப்பள்ளிதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற வாதம் இந்த எண்களின் முன் பலமிழக்கிறது. பிறகு ஏன் பல்கலைக்கழக வாசலில் நம் பிள்ளைகள் குறைவு? பன்னிரண்டு வயதில் நான்கு புள்ளி அளவே இருந்த தூரம் பதினேழு வயதில் எப்படி அகன்றது?

விடையைப் பழைய காலத்திலிருந்து தேட வேண்டியிருக்கிறது. மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்போடு தொடங்கியதாகக் கணக்கு. அதன் இருநூறாம் ஆண்டை 2016இல் கொண்டாடினோம். ஆனால் செர்டாங், கூலிம் பக்கத்துத் தமிழரின் பள்ளிக்கு அந்த நகரத்து வகுப்பைவிட நெருங்கிய மூதாதை தோட்டத் தொழிலாளர் சட்டம்தான். கூட்டு மலாய் மாநிலங்களில் 1912இலும் 1923இலும் வந்த சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றன. கெடா அந்தக் கூட்டுக்கு வெளியே இருந்தது. 1909இல்தான் அது சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷார் செல்வாக்குக்குள் வந்தது. ஆயினும் தோட்ட முறை ஒன்றே. பள்ளிகளும் அதே வார்ப்பில் எழுந்தன.

பள்ளி நடத்தும் பொறுப்பு கல்வி இலாகாவிடம் போகாமல் தொழிலாளர் சட்டத்தின் வழியே முதலாளியின் தலையில் விழுந்தது. மலாய்ப் பிள்ளைக்குக் கிராமத்தில் அரசுப் பள்ளி இருந்தது. சீனருக்குச் சங்கங்களும் வணிகர்களும் கட்டிய பள்ளிகள் இருந்தன. தமிழ்ப் பிள்ளைக்கோ, லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, மருந்துக்கொட்டகை ஆகியவற்றின் வரிசையில் தோட்டம் செய்துகொடுத்த வசதிகளில் ஒன்றாகப் பள்ளி வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் கூட்டு மாநிலங்களில் 500க்கு மேற்பட்ட தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அரசே நேரடியாக நடத்தியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ பல தோட்டங்களில் வாத்தியார். பாடநூல் சென்னையிலிருந்து வந்தது. தொடக்க வகுப்புக்கு மேல் வழி கிடையாது.

சட்டத்தின் நோக்கமும் தெளிவானதே. குடும்பத்தோடு ஆள் வந்து தங்கவேண்டுமானால் பிள்ளைக்கு ஒரு பள்ளி காட்டவேண்டும். தோட்டப் பள்ளி, தோட்டத்துக்குத் தேவையான அடுத்த தலைமுறைத் தொழிலாளியைத்தான் உருவாக்கியது என்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்து பின்னர் துணையமைச்சரான தி. மாரிமுத்து விரிவாக எழுதியிருக்கிறார். சமூக நிலையை அப்படியே மறுபடி பிறப்பிக்கும் கருவி என்பது அவருடைய முடிவு. சற்றுக் கடுமைதான். தோட்டப் பள்ளியில் படித்து மேலே வந்த ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் காட்டி மறுப்போர் உண்டு. அவர்கள் அந்த அமைப்பைத் தாண்டி வந்தவர்கள். அமைப்பு அவர்களைத் தூக்கிவிடவில்லை.

தொழிலாளிக்கு இது தெரியாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வோடு, கள்ளுக்கடை மூடலோடு, துரைக்கு முன் சைக்கிளில் இருந்து இறங்காமல் போகும் உரிமையோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் இருந்தது. கெடாவில் போர் முடிந்த கையோடு, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் நடத்தித் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1947இல் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சயாம் மரண ரயில் பாதை தோட்டங்களில் இருந்து ஆண்களை வாரிக்கொண்டு போயிருந்தது. திரும்பாத தகப்பன்மாரின் பிள்ளைகள் படிப்பதா, பால் மங்குத் தூக்குவதா? அந்தத் தலைமுறையின் எழுத்தறிவைப் பேசும்போது இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

சுதந்திரத்துக்குப் பின் கணக்கு மாறியிருக்க வேண்டும். ஒரு பாதி மாறியது. 1951இன் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளே வேண்டாம் என்றது. 1956இன் ரசாக் அறிக்கை அவற்றைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்து பொதுப் பாடத்திட்டமும் ஆசிரியர் சம்பளமும் தந்தது. இது பெரிய வரவு. ஆனால் பள்ளி நின்ற மண் எஸ்டேட்டின் மண்ணாகவே இருந்தது. சம்பளம் அரசு கொடுக்கும், பாடநூல் கொடுக்கும். அடுத்தவன் நிலத்தில் உள்ள கட்டடத்துக்கு முழுச் செலவு செய்யாது. முழு உதவிப் பள்ளி, பகுதி உதவிப் பள்ளி என்ற பிரிவு அப்படி நிலைபெற்றது. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மை பகுதி உதவிப் பிரிவிலேயே இன்றும் இருக்கின்றன. கூரை ஒழுகினால் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உண்டியல் ஏந்தும். தேர்தல் வந்தால் காசோலை வரும். இனப் பாகுபாடு என்றதும் நம் கண்ணுக்கு அதிகாரியின் முகம் தெரிகிறது. இங்கே அதைச் செய்வது நிலப் பட்டா. யாரும் யாரையும் வெறுக்காமலேயே, ஒரு கோப்பு வகைப்பாட்டின் வழியாக, ஒரு பிள்ளைக்கு அறிவியல் கூடம் உண்டு, மற்றதற்கு இல்லை என்றாகிறது.

அதே பட்டா இன்னொரு கதவையும் அடைத்தது. எழுபதுகளில் இருந்து மலாய்க் கிராமங்களான கம்பங்களிலும் அரசின் ஃபெல்டா நிலக் குடியேற்றங்களிலும் கெமாஸ் என்னும் அரசுத் துறையின் பாலர் பள்ளிகள் வந்தன. கிராம மேம்பாட்டு அமைச்சின் சாலை, தண்ணீர், மின்சாரத் திட்டங்களும் வந்தன. எஸ்டேட் தனியார் சொத்து என்பதால் கிராமக் கணக்கில் நீண்ட காலம் சேரவில்லை. நகரக் கணக்கிலும் சேரவில்லை. கம்பத்துப் பிள்ளை ஐந்து வயதில் பாலர் பள்ளி போனபோது தோட்டத்துப் பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருந்தது. முதல் வகுப்புக்கு இருவரும் ஒரே வயதில்தான் வந்தார்கள், ஒரே தயாரிப்போடு வரவில்லை.

தோட்டமும் நிலைக்கவில்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. அதைத் தடுக்க வீ. தி. சம்பந்தன் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். நில உரிமைதான் எல்லாவற்றுக்கும் அடி என்று அப்போதே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வழியில் பயணம் அதிக தூரம் போகவில்லை. எண்பது, தொண்ணூறுகளில் பால்மரம் செம்பனையாகவும், செம்பனை வீடமைப்புத் திட்டமாகவும் மாறியபோது குடும்பங்கள் கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்கு வீடுகளுக்கும் நகர்ந்தன. பள்ளி தோட்டத்திலேயே நின்றது. சுதந்திரத்தின்போது 880க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530க்குள். கெடாவில் ஏறக்குறைய 60. மாணவர் தொகை, 2010 வாக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது, இன்று 80,000க்கும் கீழே. செம்பனை நடுவே முப்பது பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துகிறார்கள். 150க்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று பட்டியல். தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி அந்தப் பட்டியலில்தான்.

இத்தனை இருந்தும் தேர்வு இடைவெளி எட்டுப் புள்ளியிலிருந்து நான்குக்கும் கீழே வந்தது. அதற்குக் காரணம் சொல்ல நான் பெரிய கோட்பாடு தேடமாட்டேன். இந்தியர் உரிமை கோரி 2007 நவம்பர் 25இல் நடந்த இண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒதுக்கீடு கூடியது, பாலர் வகுப்புகள் பெருகின. ஆசிரியர்களும் பெற்றோரும் மாலையிலும் சனிக்கிழமையிலும் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மக்களும் கவனித்தார்கள். இந்திய மாணவர்களில் தமிழ்ப்பள்ளிக்குப் போனவர்கள் 2000இல் 47 விழுக்காடு, 2011இல் 56 விழுக்காடு.

இனி ஆறாம் ஆண்டுக்குப் பின் நடப்பதைப் பார்ப்போம். இந்த நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி கிடையாது. சீனருக்குச் சுமார் 60 தனியார் சுதந்திர இடைநிலைப்பள்ளிகள் உண்டு. நமக்குத் தேசிய இடைநிலைப்பள்ளி ஒன்றே வழி. பயிற்றுமொழி மலாய். தேசிய மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி இல்லாதவர், முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்கவேண்டும். அதாவது பன்னிரண்டு வயதில் தொடக்கப்பள்ளி முடித்தவர் பதின்மூன்றில் முதலாம் படிவம் போகாமல் பதினான்கில் போவார். ஐந்தாம் படிவ முடிவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும்போது பதினெட்டு.

ஓராண்டு மொழி கற்பது கெட்ட காரியமில்லை. எனக்கு அந்த வகுப்பின் எண்ணத்தில் குறையில்லை, நடத்தும் விதத்தில்தான். ஒரு பிள்ளைக்கு மலாய் குறைவு என்றால் அது மூன்றாம் ஆண்டிலேயே தெரியும். அப்போது கூடுதல் மலாய் ஆசிரியர் கொடுக்கலாம். கொடுக்காமல் விட்டு, பதின்மூன்று வயதில், நண்பன் முதலாம் படிவத்துக்குப் போகும் அதே நாளில், "நீ இன்னும் தகுதி பெறவில்லை" என்று வேறு வகுப்பில் உட்காரவைக்கிறோம். அந்த வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. தேர்வு இல்லாத வகுப்புக்குப் பள்ளி தன் நல்ல ஆசிரியரை அனுப்பாது. இது தலைமையாசிரியரின் கெட்ட எண்ணமில்லை, நிர்வாகக் கணக்கு. அடுத்த ஆண்டு முதலாம் படிவத்தில், மதிப்பெண் வரிசைப்படி வகுப்புப் பிரித்த பள்ளிகளில், அவர்கள் கடைசி வகுப்பில் சேர்வார்கள். கடைசி வகுப்பில் நிறையத் தமிழ் முகங்கள் இருந்தால் அதைப் பார்க்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஓர் எண்ணம் படியும். இனம் பற்றிய எண்ணம் பெரும்பாலும் இப்படித்தான் உற்பத்தியாகிறது.

கூடவே பள்ளியின் அளவும் மாறுகிறது. அறுபது பிள்ளைகள் இருந்த தோட்டப் பள்ளியில் ஆசிரியைக்கு வீட்டு நிலவரம் தெரியும், அம்மா பெயர் தெரியும், ஏன் நேற்று வரவில்லை என்று தெரியும். ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் அது தெரியவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வேனுக்கு மாதப் பணம் கட்ட முடியாத மாதத்தில் வருகை குறையும். வருகை குறைந்தால் எச்சரிக்கைக் கடிதம். மலாயில் வரும் அந்தக் கடிதத்தைப் பிள்ளையே வாசித்துப் பெற்றோருக்குப் பொருள் சொல்லும் வீடுகள் உண்டு. பொருள் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. தமிழ் வகுப்பு வேண்டுமென்றால் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்கவேண்டும் என்பது சட்டம். சிறு ஊர்ப் பள்ளியில் பதினைந்து தேற்றுவதே ஒரு பாடு. தமிழாசிரியர் இல்லாத பள்ளியில் அந்தப் பிள்ளைகளுக்குத் தம் மொழி பேசும் பெரியவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம்.

பதினான்கு, பதினைந்து வயதில் நின்றுபோகும் பையன்களைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். கார் கழுவும் கடை, லாரிக் கிளீனர், பாதுகாவலர் வேலை, சிலருக்கு அதைவிட மோசமான சகவாசம். பெண் பிள்ளைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கிறார்கள். ஆண்–பெண் இடைவெளி எல்லா இனத்திலும் இருப்பதாக அரசின் அறிக்கைகளே சொல்கின்றன.

இதை இனப் பிரச்சினை என்பதா, ஏழ்மைப் பிரச்சினை என்பதா என்ற சண்டை பழையது. 1973இல் வந்த முராட் அறிக்கை, பள்ளியில் இருந்து விலகுதலுக்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. 2012 அறிக்கையும் பிள்ளையின் தேர்ச்சியைத் தீர்மானிப்பதில் குடும்பப் பொருளாதாரமே முதல் காரணி என்றது. அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து எட்டிய முடிவும் அதற்கு அண்டையில்தான் இருந்தது: பள்ளியின் வசதியைவிட வீட்டுப் பின்னணி வலியது. அப்படியானால் ஏழ்மையை மட்டும் கவனித்தால் போதாதா? போதாது. செர்டாங்கைச் சுற்றியே காரணம் இருக்கிறது.

கம்பத்து மலாய்ப் பிள்ளையும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும் ஏழ்மையில் ஏறக்குறைய சமம். இரண்டு வீட்டிலும் புத்தக அலமாரி இல்லை. ஆனால் 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் கம்பத்துப் பிள்ளைக்குப் படிப்படியாக ஏணி கட்டப்பட்டது. அரசியல் சட்டத்தின் 153ஆம் பிரிவில் 1971இல் சேர்த்த உட்பிரிவு உயர்கல்வி இடங்களை ஒதுக்க வழி செய்தது. 1972இல் இருந்து மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகள், அவற்றோடு முழுத் தங்கும் பள்ளிகள், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசன் படிப்பு, இன்று யு.ஐ.டி.எம். என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகம், உபகாரச் சம்பளம். கெட்டிக்காரக் கம்பத்துப் பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்து, விடுதியில் சேர்த்து, சாப்பாடு போட்டு, பட்டம் வரை கொண்டுசேர்க்கும் ஏற்பாடு இது. ஒரு தலைமுறைக்குள் மீனவர், நெல் விவசாயி வீடுகளில் இருந்து மருத்துவரும் பொறியாளரும் வந்தார்கள்.

நம்மவர் இதைப் பொறாமையோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வேறு பாடம் சொல்கிறது. நினைத்தால் இந்த அரசால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஏழைப் பிள்ளையை எப்படித் தூக்கிவிடுவது என்று இந்த நாட்டுக்கு ஐம்பது ஆண்டுகளாகத் தெரியும். அந்த அறிவைத் தோட்டத்தின் கேட்டுக்குள் கொண்டுவரவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. ஏழ்மை இருவருக்கும் பொது. ஏணி ஒருவருக்கு. அந்த வேறுபாட்டில்தான் இனம் இருக்கிறது.

அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 2006இல் ஆற்றிய ஓர் உரை இதற்குப் பொருந்தும். ஆண்டுதோறும் தேர்வு இடைவெளியை அளந்துகொண்டிருப்பது வரவுசெலவுப் பற்றாக்குறையைப் பார்ப்பது மாதிரி. தலைமுறைகளாகச் சேர்ந்த கடனை அது காட்டாது என்பது அவர் வாதம். கறுப்பினத்தவர் போன்ற அமெரிக்கச் சிறுபான்மையினரை மனத்தில் வைத்துச் சொன்னார். 1912இலிருந்து கணக்குப் போட்டால் கெடாத் தோட்டங்களுக்கும் ஒரு பேரேடு திறக்கலாம்.

இப்போது அரசியல் அதிகம் பேசும் இடத்துக்கு வருவோம்: மெட்ரிகுலேசன். மலாய்க்காரர் முதலான பூமிபுத்ரா மாணவர்களுக்கென்று தொடங்கி, 2000களின் தொடக்கத்தில் பத்து விழுக்காடு மற்றவர்க்குத் திறந்தார்கள். 2012இல் இந்திய மாணவர்க்கு 1,500 இடம் என்ற உறுதி, 2018இல் 2,200 என்ற அறிவிப்பு. 2019இல் மொத்த இடம் 25,000த்தில் இருந்து 40,000 ஆகியும் 90–10 விகிதம் மாறவில்லை. 2024 ஜூன் இறுதியில், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ பெற்றவருக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். நல்லது. ஒவ்வோர் ஆண்டும் இடம் கிடைக்காத பிள்ளையின் கண்ணீரும் நாளேட்டுச் செய்தியும் உண்மையானவை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பத்து ஏ எடுத்த பிள்ளைக்கு மேடை இருக்கிறது, மாலை இருக்கிறது, சட்டமன்ற உறுப்பினரோடு படம் இருக்கிறது. அதற்காகப் போராடுவதற்கும் ஆள் இருக்கிறது. புகுமுக வகுப்பிலோ இரண்டாம் படிவத்திலோ நின்றுபோனவனுக்கு மேடையும் இல்லை, ஊர்வலமும் இல்லை. நம் சமூகத்தின் கல்விப் போராட்டம் ஏணியின் உச்சிப் படியில் நடக்கிறது. பிள்ளைகள் விழுவது இரண்டாம் படியில்.

சொந்த முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1979இல் கல்வி சமூகநல ஆய்வு வாரியமான இ.டபிள்யூ.ஆர்.எஃப்., 1982இல் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம். பல்கலைக்கழகம் போன முதல் தலைமுறைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஸ்ரீ முருகன் நிலைய டியூசன் வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள். 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடாவிலேயே, பீடோங் அருகே செமெலிங்கில் இருக்கிறது. இவை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் டியூசன் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்குத்தான் டியூசன் உதவும். வராத பிள்ளையைத் தேடிப் போக ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் சட்ட அதிகாரமும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. சிங்கப்பூரில் 1991இல் சிண்டா உருவானபோது அரசும் இந்தியர் சமூகமும் சேர்ந்து அதை அமைத்தன. இந்தியர் சம்பளத்தில் மாதாமாதம் சிறு தொகை அதற்குப் போகிறது. இனவாரியான தேர்வு முடிவுகளையும் அந்நாடு வெளியிட்டு வந்திருக்கிறது. இனத்தைக் கணக்கெடுப்பதாலேயே இனவாதம் வளரும் என்ற அச்சம் அங்கே செயலைத் தடுக்கவில்லை.

இங்கே? கல்விப் பெருந்திட்டம் 2020க்குள் நகர்–கிராமப்புறம், வருமானம், ஆண்–பெண் ஆகிய மூன்று இடைவெளிகளைப் பாதியாக்க இலக்கு வைத்தது. இன இடைவெளிக்கு அப்படி ஓர் இலக்கு இல்லை. ஆண்டுதோறும் வரும் எஸ்.பி.எம். பகுப்பாய்வு நகரம், கிராமப்புறம் என்று பிரிக்கும். தமிழ்ப்பள்ளியில் இருந்து வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பிரிக்காது. பிள்ளை பள்ளியில் சேர்ந்த நாள் முதல் அடையாள எண்ணோடு அமைச்சின் கணினியில் இருக்கிறது. ஆகவே இது முடியாத காரியமில்லை. அரசியலில் சங்கடமான காரியம். பேராக் தமிழ்ப் பிள்ளையைவிடக் கெடாத் தமிழ்ப் பிள்ளை முன்னே போகிறதா பின்னே போகிறதா, புகுமுக வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் படிவம் தொட்டார்கள், இந்தக் கேள்விகளுக்குப் பொதுவெளியில் விடை இல்லாதபோது மேடைப் பேச்சு ஒன்றுதான் மிஞ்சும்.

இடைவெளி குறைந்தாலும் எதை நோக்கிக் குறைகிறது என்ற கேள்வியும் உண்டு. 2022இல் நடந்த அனைத்துலக பீசா மாணவர் மதிப்பீட்டில் மலேசியா வாசிப்பில் 388, கணிதத்தில் 409. ஐந்தாம் ஆண்டில் 42 விழுக்காட்டுப் பிள்ளைகள் வாசிப்புத் திறனை எட்டவில்லை என்று உலக வங்கி 2024இல் சொன்னது. தேசியச் சராசரியைத் தொட்டுவிட்டோம் என்று நாளை நாம் மகிழ்ந்தால், சராசரியே கீழிறங்கி வந்திருக்கவும் கூடும். இதில் கம்பத்துப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே படகில். இதற்கிடையே, தமிழ்ப்பள்ளியே சட்டவிரோதம் என்று தொடுத்த வழக்கு 2021இல் உயர்நீதிமன்றத்திலும், 2023இல் மேல்முறையீட்டிலும், 2024இல் கூட்டரசு நீதிமன்றத்திலும் தோற்றது. இருப்புக்கான சண்டை ஓரளவு ஓய்ந்திருக்கிறது. தரத்துக்கான வேலைக்கு இனிச் சாக்கு இல்லை.

அந்த வேலைக்கு அவசரமும் உண்டு. 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க் இன்று நாட்டின் சில்லுத் தொழிலின் முக்கிய மையங்களில் ஒன்று. இன்ஃபினியோன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அங்கே சிலிக்கான் கார்பைடு ஆலையைத் திறந்தது. பால்மரம் நின்ற வட்டாரத்தில், தோட்டத்துப் பேரப்பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கு, உலகத் தரத் தொழிற்சாலை வந்திருக்கிறது. கம்பெனி பஸ் காலையும் மாலையும் தாமான்களுக்கு வந்துபோகிறது. அந்த பஸ்ஸில் ஏறுகிறவர் ஆபரேட்டராக ஏறுவாரா, டெக்னீசியனாகவா, பொறியாளராகவா என்பதை மூன்றாம் ஆண்டு மலாய்ப் பாடமும் இரண்டாம் படிவக் கணிதமும் தீர்மானிக்கும்.

அரசு செய்யவேண்டியவை மூன்று. பள்ளி நிற்கும் நிலத்தை மாநில அரசும் தோட்ட உரிமையாளரும் பேசி முடித்துப் பள்ளிக்கே பட்டா கொடுப்பது முதலாவது. நிலம் மாநில அதிகாரம் என்பதால் இது அலோர் ஸ்டாரில் ஆகவேண்டிய வேலை, புத்ராஜெயாவைக் காரணம் காட்ட முடியாது. அடுத்து, புகுமுக வகுப்பின் செலவையும் ஆளையும் மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு இறக்கவேண்டும். தமிழ்ப்பள்ளியிலேயே தேர்ந்த மலாய் ஆசிரியரைக் கொண்டு அந்தக் குறையைத் தீர்த்துவிட்டால் ஓராண்டு மிச்சம், அவமானமும் மிச்சம். மூன்றாவது, தமிழ்ப்பள்ளியில் இருந்து வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற புள்ளிவிவரத்தை வெளியிடுவது.

அரசு செய்யும் வரை காத்திருக்கவேண்டியதில்லாத வேலையும் ஒன்று இருக்கிறது. செர்டாங், கூலிம், லூனாஸ் வட்டாரத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் இந்த ஆண்டு ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை, பெற்றோரின் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யார் எந்த இடைநிலைப்பள்ளி, யார் புகுமுக வகுப்பு, யாருக்கு வேன் இல்லை என்று குறியுங்கள். ஐந்தாம் படிவம் வரை ஒவ்வொரு தவணையும் ஒருவர் போய் விசாரியுங்கள். பரிசளிப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதி இதற்குப் போதும்.